இரண்டு கோடு அண்டா

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. காதர் பாய் என் கடை வாசலில் ஒரு பெரிய செப்பு அண்டாவை இறக்கினார். இறக்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போட்டார். ரங்கநாதன் தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டன.

"மோந்து பாரு அண்ணாச்சி."

குனிந்து மோந்தேன். "ஒண்ணும் தெரியலையே பாய்."

"தெரியலியா? மூக்க ஊட்ல வெச்சிட்டு வந்தியா? பெருங்காயம் அண்ணாச்சி, பெருங்காயம்! வெந்நி ஊத்தி மூடி வெச்சேன். தொறந்தா குப்புனு சாம்பார் அடிக்குது. இதுல பிரியாணிக்கு தம் போட்டா, பொண்ணு ஊட்டுக்காரன் எனக்கு தம் போட்ருவான்."

காதர் பாய் பிரியாணி மாஸ்டர். ராயப்பேட்டைப் பக்கம் பெரிய கல்யாணம் என்றால் அவர்தான். அவர் கோபப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மையாக இருந்தால்...?

அதில் எனக்கு என்ன பயம் என்பதை இந்தப் பத்திரிகையின் புதிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய வாசகர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி. ஆனாலும் இன்று கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்களில் தி. நகர், மயிலாப்பூர், அடையாறு மூன்றுக்கும் சேர்த்து என் கடைதான் பெரியது. இரண்டாவது பெரிய கடைக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் அவர் இரண்டாவது.

என் கடையின் ரகசியம் இதுதான். உள்ளே நுழைந்தால் இடது பக்கம் சைவப் பாத்திரம். வலது பக்கம் அசைவப் பாத்திரம். நடுவில் நான். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் என் கையாலேயே உளி வைத்துக் கோடு வெட்டியிருக்கிறேன். சைவத்துக்கு ஒரு கோடு, அசைவத்துக்கு இரண்டு கோடு. எழுத்து வெட்டினால் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு வரை எண்ண நானே போதும்.

நான்கு வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் அதைப் பற்றித்தான், எழுதத் தெரிந்த ஆளை வைத்து, எழுதியிருந்தேன். சைவம் உசத்தியா, அசைவம் உசத்தியா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டையும் கலக்காமல் வைத்திருக்கிற நான்தான் உசத்தி என்று பதில் சொன்னேன். 'பன்னிரண்டு வருஷத்தில் என் கடையில் ஒரு கரண்டிகூடப் பக்கம் மாறியதில்லை' என்று முடித்தேன். நிறையப் பேர் பாராட்டி எழுதினார்கள்.

என் வீடும் அப்படித்தான். நான் அசைவம். வீட்டுக்காரி இரண்டு வருஷமாகச் சைவம். அவளை யாரும் மாற்றவில்லை. உபன்யாசம் கேட்டு மாறவுமில்லை. ஒரு நாள் கோழிக் கடையில் கோழி அவளைத் திரும்பிப் பார்த்ததாம். விட்டுவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கறியை நானே மொட்டை மாடியில் தனி ஸ்டவ்வில் சமைத்துக்கொள்கிறேன். நான் வைக்கும் கோழிக் குழம்புக்கு ஈடு கிடையாது. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதால் மறுத்துப் பேசவும் ஆள் கிடையாது. ஒரே குறை... மண்ணெண்ணெய் எங்கள் வீட்டில் மட்டும் மாதம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. ரேஷன் கடைக்காரர் அளவில் கை வைக்கிறார். அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியாயிற்று.

சரி, அண்டாவுக்கு வருகிறேன்.

அந்த அண்டாவுக்கு ஒரு ஜோடி உண்டு. ஒரே நாளில் வாங்கியவை. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். போன வாரம் இரண்டும் ஈயம் பூசப் போய் வந்தன. ஈயம் பூசுகிறவர் தாராளமான மனிதர். உள்ளே பூசியது போதாதென்று விளிம்பிலும் வழியவிட்டு, நான் வெட்டிய கோடுகளை அடைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அண்டா மயிலாப்பூர் கல்யாணத்துக்குப் போக வேண்டும். மற்றொன்று காதர் பாய்க்கு. பூங்காவனம்தான் முதலில் பார்த்தாள்.

பூங்காவனம் பட்டினப்பாக்கம் குப்பத்துப் பெண்பிள்ளை. வயது ஐம்பதைத் தொடும். கடை ஆரம்பித்த நாளிலிருந்து பாத்திரம் தேய்க்கிறாள். காலையில் பழைய சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்து, அதே கையால் இரண்டு பக்கத்துப் பாத்திரங்களையும் புளி போட்டுத் தேய்க்கிறாள். இதைப் பற்றி இதுவரை எந்த வாடிக்கைக்காரரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"நைனா, இத்த பாரு. இது பிரியாணி அண்டா. ஈயத்துக்கு அடில ரெண்டு கோடு கீறா மாரி கீது. சொரண்டிப் பாத்துட்டு அனுப்பு."

"சொரண்டணுமா? நான் வெட்டின கோடு எனக்குத் தெரியாதா?"

விரலை மடக்கி அண்டாவைத் தட்டினேன். டங் என்றது. இன்னொன்றையும் தட்டினேன். பாத்திரத்தின் சத்தத்தை வைத்தே அது எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவேன் என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

"அண்டா இன்னா பேசுமா நைனா?"

"எனக்குப் பேசும்."

"இன்னா சொல்லுது?"

"சைவம்னு சொல்லுது."

"பன்னெண்டு வருசமா நா தேய்க்கிறேன், எங்கைல ஒரு வார்த்த பேசலியே" என்றாள். போய்விட்டாள். அண்டாவும் மயிலாப்பூர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, காதர் பாய் நின்றுகொண்டிருக்கும்போதே பூங்காவனம் வேலைக்கு வந்தாள். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அண்டா விளிம்பைச் சுரண்டினாள். ஈயம் உதிர்ந்தது.

ஒரே ஒரு கோடு.

"அப்ப என் அண்டா எங்க?" என்றார் காதர் பாய்.

வலது பக்கத்திலிருந்து வேறு அண்டா எடுத்துக் கொடுத்து அவரை அனுப்பினேன். போகும்போது, "இதுல நா வெந்நி தவுர ஒண்ணும் ஊத்தல அண்ணாச்சி. சத்தியமா" என்றார். பக்கத்தில் ஆட்டுக்கறி இருக்க, வெறும் வெந்நீரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த அண்டா சைவமா அசைவமா? பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். எனக்கு நேரம் இல்லை.

மயிலாப்பூர் கல்யாணம் விஸ்வநாதன் சார் வீட்டுக் கல்யாணம். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு முன்னால் என் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. ஏழு இடம் தட்டிப்போய் எட்டாவதாக அமைந்த வரன். மாப்பிள்ளையின் அப்பா வரதட்சிணை வேண்டாம், சீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாராம் — மாமிசம் பட்ட பாத்திரத்தில் சமைக்கக் கூடாது. அப்படி நடந்தால் இலையில் உட்காராமல் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

"உங்களை நம்பித்தான் ஒத்துண்டிருக்கேன் அண்ணாச்சி" என்றார் விஸ்வநாதன் சார்.

"கண்ண மூடிட்டுச் சாப்பிடச் சொல்லுங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

டாக்ஸி பிடித்தேன். ஒரு கோடு அண்டாவை மேலே கேரியரில் கவிழ்த்துக் கயிறு கட்டினேன். லஸ் முனையில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஓர் அம்பாசிடர் கார் தலையில் அண்டாவோடு போனால் பார்க்கத்தானே செய்வார்கள்?

கல்யாண மண்டபத்து வாசலிலேயே விஸ்வநாதன் சார் பிடித்துக்கொண்டார். முகூர்த்தம் முடிந்துவிட்டதாம். நல்லபடியாக ஆகிவிட்டதாம். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்து நேரே சம்பந்தியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"இவர்தான் நான் சொன்ன அண்ணாச்சி. இவர் கடைப் பாத்திரம்னா யோசிக்கவே வேண்டாம்."

சம்பந்தி ஒல்லியான மனிதர். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாப்பது வருஷமா வெளியில எங்க போனாலும் சொம்புல என் தண்ணியக் கொண்டு போவேன். ஆபீசுக்கும் அப்படித்தான். இன்னிக்குக் கொண்டு வரலை. விஸ்வநாதன் உங்க பேரைச் சொன்னார், சொம்பை ஆத்துல வெச்சுட்டு வந்துட்டேன். எல்லாம் சுத்தம்தானே? உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்கோ."

சமையற்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"உள்ள போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்து சொல்லிர்றேன்" என்றேன்.

சமையற்கட்டில் பஞ்சு அண்ணா சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார். மயிலாப்பூரில் அவர் கை பட்டால்தான் கல்யாணச் சாப்பாடு. சாம்பார் இரண்டு சின்ன அண்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தது. என் பெரிய அண்டாவைக் காணோம். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. மேலே பஞ்சு அண்ணாவின் மடித்த துண்டு. துண்டின் மேல் வெற்றிலைப் பெட்டி.

"அண்ணா... அந்த அண்டா..."

"அதுவா? ராத்திரியே வெந்நீர் விட்டுப் பாத்தேன். பட்டையும் லவங்கமுமா மூஞ்சில அடிச்சுது. தூக்கி வெளியில வெச்சுட்டேன். ரெண்டு சின்ன அண்டாவுல பிரிச்சுப் பண்ணிட்டேன். அடுப்புல ஏறினது எல்லாம் சுத்தம். போய் தைரியமா உக்காருங்கோ."

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பேச்சும் வந்துவிட்டது.

"பன்னிரண்டு வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல அண்ணா. முதல் தடவ!"

பஞ்சு அண்ணா கரண்டியை நிறுத்தினார்.

"நாலாவது தடவை."

"என்னது?"

"என் கணக்குல இது நாலாவது. முன்னாடி மூணு தடவையும் இதே மாதிரி எடுத்து வெளியில வெச்சிருக்கேன். ஒருத்தர் கிட்டயும் சொன்னதில்லை. பாத்திரம் மாறினதுக்கு ஒரு கல்யாணம் நிக்கணுமா என்ன?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஒத்துண்டிருப்பேளா?" என்றார். "விரலை மடக்கித் தட்டிட்டு, 'என் காது பொய் சொல்லாது'ன்னு ஆரம்பிச்சிருப்பேள். எனக்கு அடுப்பு வேலை இருக்கே அண்ணாச்சி."

எந்த மூன்று கல்யாணம் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

வெளியே வந்தேன். என்ன சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். 'அடுப்பில் ஏறினது எல்லாம் சுத்தம்.' பொய்யில்லையே? சொல்லிவிட்டுப் போய் இலையில் உட்கார வேண்டியதுதான்.

ஆனால் சம்பந்தி வேறு கேள்வி கேட்டார்.

"வாசல்ல ஒரு டாக்ஸி மேல அண்டா ஒண்ணு கவுந்துண்டிருக்கே... அது எதுக்கு?"

பதில் தயாராகத்தான் இருந்தது. 'பாயசத்துக்கு எக்ஸ்ட்ரா.' இரண்டே வார்த்தை. ரங்கநாதன் தெருவில் என்னைவிட வேகமாகப் பதில் சொல்கிறவன் கிடையாது. வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது பார்த்து அவருக்குத் தாகம். யாரோ ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். நாற்பது வருஷமாகச் சொம்போடு அலைந்த மனிதர் அதை வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணாந்து குடித்தார்.

"உங்க அடுப்புல ஏறினது எல்லாம் சுத்தம் சார்" என்றேன். "ஆனா ஒரு அசைவ அண்டா மாறி வந்துட்டு. பஞ்சு அண்ணா ராத்திரியே கண்டுபிடிச்சுக் கிணத்தடியில தள்ளிட்டார். ஒரு பருக்கைகூட அதுல வேகல. மாத்துறதுக்குத்தான் டாக்ஸில வேற கொண்டாந்தேன். தப்பு என்னோடது. தேய்க்கிற அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல."

விஸ்வநாதன் சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. வாசித்தவர்கள் காபி குடிக்கப் போனதால் நின்றதாகப் பிறகு தெரிந்தது.

சம்பந்தி எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். கிணற்றடிக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். வெற்றிலைப் பெட்டியைப் பஞ்சு அண்ணாவிடம் எடுக்கச் சொன்னார். தொடாமல் குனிந்து அண்டாவைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பஞ்சு அண்ணாவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இதான் முதல் தடவையா?"

பஞ்சு அண்ணா என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நாலாவது" என்றேன்.

"நாலு தடவையும் இவர்தான் கண்டுபிடிச்சாரா?"

"ஆமா."

விஸ்வநாதன் சார் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"அடுத்த வருஷம் சின்னவன் கல்யாணம். உங்க கடை எனக்கு வேண்டாம்" என்றார் சம்பந்தி. "பஞ்சு போறும்." பிறகு விஸ்வநாதன் சார் பக்கம் திரும்பி, "இலையைப் போடச் சொல்லுங்கோ, பசிக்கறது" என்றார்.

சாப்பிட்டார். சாம்பார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், கடைசிப் பந்தியில், தூண் மறைவில்.

யோசித்துப் பார்க்கிறேன். பஞ்சு அண்ணாவுக்குப் பட்டையும் லவங்கமும் ஆகாது. காதர் பாய்க்குப் பெருங்காயம் ஆகாது. ஒருவர் கைச் சமையலை மற்றவர் தொட மாட்டார். ஆனால் இருவரும் ஒரே மாதிரி வெந்நீர் ஊற்றி, ஒரே மாதிரி மூடி வைத்து, ஒரே மாதிரி குனிந்து மோந்து பார்க்கிறார்கள். எது உசத்தி? எனக்கு இப்போது தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பது நமக்கே தெரியும். எதைச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் சமைக்கிறவனை நம்பித்தான் விட வேண்டியிருக்கிறது.

மத்தியானம் கடைக்குத் திரும்பினேன். பூங்காவனம் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"இன்னா நைனா? தண்ணி சத்தத்துல காதுல வியல."

குழாயை மூடிவிட்டு மறுபடி சொன்னேன்.

"இப்ப வியுந்துச்சி. அண்டா சொல்லியிருந்தா அப்பவே கேட்டிருப்ப" என்றாள். குழாயைத் திறந்துகொண்டாள்.

சாயங்காலம் காதர் பாய் ஒரு தூக்கில் பிரியாணி அனுப்பியிருந்தார். மொட்டை மாடிக்குக் கொண்டு போனேன். வீட்டுக்காரி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மடித்தாள். வழக்கம்போல, "கடையில எப்படியோ, நம்ம வீட்டுல என் கரண்டி உன் குழம்புப் பக்கம் வந்ததே இல்ல" என்று முடிக்கப் போனேன். முடியவில்லை. காலையிலிருந்து வாய்க்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"ஏட்டி... சில நாள் அவசரத்துக்கு உன் கரண்டிய எடுத்துருக்கேன். கோழிக் குழம்பு கிண்ட. கழுவித்தான் வச்சேன்."

அவள் என் வேட்டியை உதறி மடித்தாள்.

"தெரியும்லா. ரெண்டு வருசமா அடுக்களையில உள்ள அம்புட்டுக் கரண்டியையும் தெனமும் வெந்நியில கொதிக்கப் போட்டுத்தான் எடுக்கேன். எத நீங்க தொட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மண்ணெண்ணெய் எங்கே போகிறதென்று நாளைக்கு ரேஷன் கடைக்காரரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.